பலமாக வந்த எதிரொலி

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உன் முட்டி வலி. தைலம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டில் அலமாரியில்தான் தூங்குகிறதா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. நாங்கள் ரேடியோ அலையை வானத்துக்கு அனுப்புகிறோம். காற்று கொந்தளிக்கும் இடத்தில் அது சிதறி, துளியூண்டு திரும்பி வரும். அதை வைத்துக் கொந்தளிப்பை அளப்பதுதான் என் வேலை. போன வாரம் திரையில் பளிச்சென்று ஓர் எதிரொலி. பெரிய கொந்தளிப்பு என்று அறிக்கையே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி சிரித்துவிட்டார்.

"இது பறவைக் கூட்டம்மா. காத்து இவ்வளவு பலமா பதில் சொல்லாது. பலமா வர்றதைக் கழிச்சிடு, முனகலா வர்றதை மட்டும் வெச்சுக்கோ."

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து உன் போன்தான் ஞாபகம் வருகிறது. "நான் நல்லா இருக்கேன்டி!" என்று கத்தினாய். அதற்கு முன்னால் அப்பாவிடம், "ஆஸ்பத்திரி விஷயத்தை அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று நீ முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது.

டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல். நீ போர்த்திக்கொள்ளும் நீலப் போர்வையையும் அனுப்பு; நீ புதிதாக ஒன்று வாங்கிக்கொள். இங்கே கொடுத்த கம்பளி உடம்பெல்லாம் அரிக்கிறது.

வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். அன்று போனில் நானும் நன்றாக இருக்கிறேன் என்று உரக்கத்தான் சொன்னேன். அதையும் கழித்துவிடு.

உன் மகள்