பாலத்துக்கு மேலே வெறும் வானம்

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் படத்தில் ரயில் இல்லை.

பாலம் இருக்கிறது. ஆறு இருக்கிறது. பழைய தானியக் கிடங்கின் ஓட்டுக்கூரை ஓரமாகத் தெரிகிறது. பாலத்துக்கு மேலே புகை நீளமாகப் படுத்திருக்கிறது. ரயில் மட்டும் போய்விட்டது. ஜனவரியில் ஆரம்பித்தேன், இதோடு பதிமூன்று படம். பதிமூன்றும் இப்படித்தான்.

பேத்தி கேமராவை வாங்கிப் பார்த்தாள். "பாட்டி, ரயில் எங்க?"

"போயிடுச்சு."

"நான் எங்க?"

"நீயும் அதுலதானே போன."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமினால் இன்னும் கரித்தூள் வருகிறது. நீராவி எஞ்சினில் பயர்மேன் வேலை பழகுகிறாள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன எஞ்சின். புதனும் ஞாயிறும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஆற்றோரமாகப் போய்த் திரும்புகிறது. இந்த ஊர்ப் பாதையில் இதுவரை எந்தப் பொண்ணும் அந்த அடுப்பில் கரி போட்டதில்லை. இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சிலரிடம் இரண்டு தடவை.

எஞ்சின் ஜன்னலில் அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் ரயில் வருவது முதலில் காதுக்குத் தெரிவதில்லை, உள்ளங்காலுக்குத் தெரிகிறது. பிறகு கிடங்கைச் சுற்றிக்கொண்டு அது பாலத்தின் மேல் வரும். கீழே தண்ணீரில் இன்னொரு ரயில் தலைகீழாக வரும். அஞ்சாவது வகுப்புப் புத்தகத்தில் நான் பார்த்த ரயில் இரண்டு விரல் அகலம். இது வானத்தில் பாதி. கை தானாகக் கேமராவை இறக்கிவிடுகிறது. கண்ணால் பார்க்க வேண்டியதை ஓட்டை வழியாகவா பார்ப்பது?

நினைவு வந்து அமுக்கும்போது புகைதான் மிச்சம்.

மார்ச் 5, புதன்

பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பதினாலு.

மார்ச் 6, வியாழன்

மருமகள் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று தெரியாமல் தண்டவாளப் பக்கக் கொடியில் வெள்ளை விரிப்பைக் காயப்போட்டுவிட்டேன். மிளகு தூவின மாதிரி கரிப்பொட்டு. ரயில் வரும் நாளில் அந்தக் கொடி ஆகாது என்பது இந்த வீட்டுச் சட்டம்.

"டிக்கெட் ஜன்னல்ல உக்காந்திருந்த புள்ள. ஃபேன், நாற்காலி, எல்லாம் இருந்துச்சு. இப்ப கரி அள்ளுது" என்று பாத்திரத்திடம் சொன்னாள். எனக்குக் கேட்கத்தான்.

"பாத்திரத்துக்கு எல்லாம் தெரியும், நீ தேய்" என்றேன்.

அவள் சொல்வதிலும் பயம் இருக்கிறது. எஞ்சின் ஷெட் வாசலில் ஒரு பலகை. யாருக்கு எந்த எஞ்சின் என்று அதில் போட்டிருக்கும். வேலை நிரந்தரமானவர்கள் பெயர் பெயிண்டில். பழகுகிறவர்கள் பெயர் சாக்பீஸில். என் பேத்தி பெயர் சாக்பீஸ். இந்த மாதத்தில் ஏதோ ஒரு நாள் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் பெயிண்ட். இல்லையென்றால் மறுபடி டிக்கெட் ஜன்னல்தான். இருப்பது ஒரே ஓர் இடம்.

மார்ச் 9, ஞாயிறு

ஆற்றங்கரையில் இன்று பத்துப் பதினைந்து பேர், கேமராவும் மூன்று கால் ஸ்டாண்டுமாக. வாராவாரம் வருகிறவர்கள்தான். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு தொப்பிக்காரர். வெயில் இல்லாத நாளிலும் தொப்பி.

ரயில் போனதும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "படத்துல ஒண்ணுமே நிக்கல. வெள்ளையா, சாம்பலா ஏதோ போகுது. புகைன்னா வானம் கறுக்கணும். புது பயர்மேன் பொண்ணாமே? பயந்து பயந்து போடுது போல."

எனக்குச் சுருக்கென்றது. "அது என் பேத்தி. அதுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நல்ல மனுஷன்தான். "அப்ப நீங்களே சொல்லுங்க பாட்டி. பாலத்து மேல ஒரே ஒரு தடவை கறுப்பா விடச் சொல்லுங்க. ஸ்டேஷன் கூடத்துல பெருசா மாட்ட ஒரு படம் கேட்டிருக்காங்க. உங்க பேத்தி ஓட்டுற வண்டியே சுவர்ல நிக்கும்."

வீடு வரும் வழியெல்லாம் அந்தச் சுவரைத்தான் நினைத்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்க்கிற சுவர்.

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தபடி, "கறுப்புப் புகை வந்தா திட்டுவாங்க பாட்டி" என்றாள்.

"ஒரே தடவை. பாலம் தாண்டற வரைக்கும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சின்ன வயதில் நான் எது கேட்டாலும் ஓடிப்போய் எடுத்து வருவாளே, அந்தப் பார்வை. "சரி. ஞாயித்துக்கிழமை. பாலத்து ஏழு வளைவுக் கண்ணுல மூணாவது கண் மேல வரும்போது. ஆனா நீ கேமராவை இறக்கக் கூடாது. அதான் பேச்சு."

மார்ச் 16, ஞாயிறு

இறக்கவில்லை.

மூன்றாவது கண். முதலில் ஒரு கறுப்புப் பூ மாதிரி வந்தது. அப்புறம் மரம். அப்புறம் மலை. ஆறே இருட்டிவிட்டது. கரையில் நாணல் மேல் நிழல் ஓடியது. அந்தக் கறுப்புக்குக் கீழே ஜன்னலில் என் பேத்தியின் முகம், சிவப்புக் கைக்குட்டை, என்னைப் பார்த்து ஒரு கை. என் விரலைப் பிடித்து நடை பழகின கை. அதற்குள்ளிருந்தா இவ்வளவு வந்தது?

படத்தில் எல்லாம் இருக்கிறது. ரயில் முழுசு. முகம் முழுசு. தொப்பிக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, நீங்க நின்ன இடம்தான் இடம்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

நாணல் பக்கம் ஒருத்தர் தனியாக நின்றார். வெறும் அரைக்கைச் சட்டை. கேமரா இல்லாமல் இங்கே என்ன வேலை என்று நினைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

அவர்தான் இன்ஸ்பெக்டர்.

ஒரு வரிதான் எழுதியிருக்கிறாராம். 'பாலத்தின் மேல் அளவு தெரியாமல் கரி கொட்டினார்.' பேத்தி இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை.

"டிரைவர் தடுக்கலையா?"

"மீசைக்கார டிரைவர் எதிர்க்க சிக்னல் கைகாட்டியப் பாத்துட்டிருந்தாரு. திரும்பறதுக்குள்ள அஞ்சு ஷவல் கரி போட்டுட்டேன்."

"நான் கேட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேடி?"

"என்னன்னு சொல்றது பாட்டி? எங்க பாட்டி புகை கேட்டாங்கன்னா?"

டிக்கெட் ஜன்னல் கிடைத்துவிடும் என்று மருமகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பேத்தியின் கரிச்சட்டையை எடுத்து மறுபடியும் துவைத்தாள். துவைத்த சட்டையையே.

மார்ச் 18, செவ்வாய்

நான் என்ன மனுஷி? விறகடுப்பு எரிச்ச காலத்துல எத்தனை பேரைக் குறை சொல்லியிருக்கேன். அவ அடுப்பு புகையுது, இவளுக்கு எரிக்கத் தெரியல, கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளணும், காத்து விடணும் - இந்த வாய்தானே சொல்லிச்சு. கல்யாணமாகி வந்த புதுசுல இதே மருமகளைச் சொல்லலையா. புகை வந்தா நெருப்பு சரியில்லைன்னு தெரிஞ்சவ நான். தெரிஞ்சே கேட்டேன். எதுக்கு? சுவர்ல மாட்ட.

அவ எனக்காகப் போட்டா. அதான் தாங்கல.

மார்ச் 20, வியாழன்

ஷெட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

கேமரா கடைக்காரர் பதினேழு படத்தையும் உள்ளங்கை அளவில் போட்டுக் கொடுத்திருந்தார். பின்பக்கம் தேதி எழுதினேன். இந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான். கறுப்புப் படத்தை மேலே வைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குள் அந்த எஞ்சின் சும்மா நின்றது. நின்றாலும் மூச்சு விடுகிறது. சக்கரம் என் தோள் உயரம். அதன் பக்கத்தில் நடக்கும்போது தன்னால் குரல் தாழ்ந்துபோகிறது, பேசுவதற்கு ஆளே இல்லாவிட்டாலும்.

இன்ஸ்பெக்டர் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நசுங்கின டீ ஃபிளாஸ்க்.

"ஐயா, அன்னைக்கு அந்தப் புகை நான் கேட்டு வாங்கினது. தப்பு என்னுது" என்று படத்தை நீட்டினேன்.

பார்த்தார். "நல்ல படம்தாம்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் என் மடியைப் பார்த்தார். "அது என்ன கட்டு?"

"அதெல்லாம் வீணாப்போன படம். ரயிலே விழல."

"குடுங்க."

தேதிப்படி மேஜையில் வரிசையாக வைத்தார். ஃபிளாஸ்க்கைக் கீழே இறக்கி வைத்து இடம் பண்ணினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம். எனக்கு அவர் வழுக்கைதான் தெரிந்தது.

"ஜனவரி இருபத்திரண்டு. இங்க அடுப்புல ஒரு பக்கம் குவிச்சிட்டா. புகை திட்டுத் திட்டா நிக்குது பாருங்க. இருபத்தொன்பதுலயும் அதே. பிப்ரவரி ஒன்பது, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. பத்தொன்பது... இங்க பிடிச்சிட்டா." விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. "மார்ச் ரெண்டு, அஞ்சு, ஒன்பது, பன்னண்டு. மெலிசா, ஒரே சீரா."

நான் எடுத்த படம்தான். அதில் இத்தனை எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரயில் இல்லை, முகம் இல்லை என்று ஒதுக்கின ஒவ்வொன்றிலும் அவள் இருந்திருக்கிறாள். இரண்டு மாதமாக அவள் கற்றுக்கொண்டது முழுக்க வானத்தில் இருந்திருக்கிறது. நான் அடியில் நின்று அமுக்கியிருக்கிறேன்.

"எல்லாரும் ரயிலைத்தாம்மா எடுப்பாங்க. எனக்கு வேண்டியது அது போனப்புறம் மேல என்ன நிக்குதுங்கறது" என்றார். "நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாக்குறேன். நீங்க பதினேழு தடவை பாத்திருக்கீங்க."

அப்புறம் குரல் மாறியது. "ஆனா பதினாறாம் தேதி பதினாறாம் தேதிதான். அந்த அடுப்பு முன்னாடி நிக்கறவங்க யார் கேட்டாலும் போடக் கூடாது. பாட்டி கேட்டாலும்."

"இனி கேக்க மாட்டேன்."

"இன்னொரு தடவை வந்து பாக்குறேன். அதுவரைக்கும் அவதான் கரி போடணும்னு ஷெட்ல சொல்லிடறேன்."

"எந்த நாள் வருவீங்க?"

"அதைச் சொன்னா அது பரீட்சையாம்மா?"

மார்ச் 23, ஞாயிறு

தொப்பிக்காரர்: "இன்னைக்கும் ஒரு கறுப்பு விடச் சொல்லுங்களேன் பாட்டி. போன வாரம் எனக்குக் கொஞ்சம் ஆடிடுச்சு."

"வேணும்னா உங்க வீட்டு அடுப்புல விடுங்க" என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நாணல் பக்கம் யாரும் இல்லை.

மார்ச் 26, புதன்

யாரும் இல்லை. பேத்தி இரண்டு கிலோ இளைத்திருப்பாள்.

மார்ச் 29, சனி

நாளைக்கு ஆற்றங்கரைக்கு வரட்டுமா என்று பேத்தியிடம் கேட்டேன். நான் அங்கே நிற்பதே அவளுக்குப் பாரமோ என்று ஒரு எண்ணம்.

"வா பாட்டி. நீ நிக்கிற இடம் எனக்குப் பாலத்துலேருந்தே தெரியும். ஆனா ஒண்ணும் கேக்காத."

மார்ச் 30, ஞாயிறு

நல்ல வெயில். ஆறு அசையாமல் கிடந்தது. நாணல் பக்கம் அரைக்கைச் சட்டை.

உள்ளங்காலில் வந்தது. கிடங்கைச் சுற்றி வந்தது. முதல் கண். இரண்டாவது. மூன்றாவதில் நான் மூச்சை விடவில்லை. அவ்வளவு பெரிய இரும்பு, பின்னால் ஆறு பெட்டி நிறைய ஜனம், இத்தனையையும் ஏற்றத்தில் இழுக்கிறது. புகைபோக்கிக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே. காற்று மட்டும் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குப் பின்னால் கிடங்கின் ஓடுகள் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளிந்தன. அவ்வளவு நெருப்பு உள்ளே எரிகிறது, வெளியே அதன் சுவடே இல்லை. என் கையில் கேமரா இருப்பதே மறந்துவிட்டது.

ஜன்னலில் அவள் இல்லை. எட்டிப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

கடைசிப் பெட்டி போனபிறகு அமுக்கினேன். பாலம், ஆறு, வானம்.

"வீணாப்போச்சு" என்று தொப்பிக்காரர் ஸ்டாண்டை மடக்கினார். அரைக்கைச் சட்டைக்காரர் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். நீளமாக இல்லை. போகும்போது என்னை ஒரு தரம் பார்த்தார். தலைகூட ஆட்டவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஷெட் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன். விரல் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். இன்னும் காயவில்லை. அவள் பெயரின் கடைசி எழுத்து லேசாக இழுபட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

முப்பதாம் தேதிப் படத்தைப் பெரிதாகப் போடக் கொடுத்தேன். கேமரா கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டி, இதுல ஒண்ணுமே இல்லையே. அந்தக் கறுப்புப் படத்தைப் போடட்டுமா?"

"இதைத்தான் போடு. அதுல எல்லாம் இருக்கு."

ஸ்டேஷன் கூடத்துக்கு வேண்டும் என்று தொப்பிக்காரர் அந்தக் கறுப்புப் படத்தைக் கேட்டார். கொடுக்கவில்லை. இந்த நோட்டில் மார்ச் 16-க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். இங்கேயே இருக்கட்டும். பெரிய படம் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலிக்கு எதிரில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை பத்தேகாலுக்கு மருமகள் வெள்ளை விரிப்பை எடுத்துக்கொண்டு போனாள். தண்டவாளப் பக்கக் கொடியில் இரண்டாக மடித்துப் போட்டு, கிளிப் மாட்டி, சுருக்கத்தை நீவினாள். நான் ஜன்னலில்தான் இருந்தேன்.

பத்து நாற்பதுக்கு வீடு நடுங்கியது. ரயில் போயிற்று.

வெளியே வந்து விரிப்பின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள். பொட்டுக் கரி இல்லை.

"இன்னைக்கு அவதானே அத்தை?" என்றாள்.

"அவதான்."

விரிப்பை எடுக்கவில்லை. மாலையில் வண்டி திரும்பி வரும்வரை அங்கேயே கிடந்தது.