பிரைவேட்டைத் தொடாதே என்றவளுக்கு

இன்று காலை டிரையரின் கதவைத் திறந்ததும் பச்சை ஏலக்காயின் ஈர ஆவி முகத்தில் அடித்தது. நீ கண்மூடிய பிறகு வரும் முதல் பருவம் இது. சாந்தன்பாறையின் இந்த ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்காகத்தான், காய் உலர எவ்வளவு சூடு வேண்டும் என்று தீர்மானிக்கும் புரோகிராமை நாம் இருவரும் எழுதினோம். நீ கல்லூரியில் படித்தவள். நான் எஸ்டேட்டில் மோட்டார் பழுதுபார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரை நானாகக் கற்றவன்.

காயின் ஈரத்தைக் கணிக்கும் ஃபங்ஷனை, கிளாஸ் என்ற புரோகிராம் பெட்டிக்குள் பிரைவேட்டாகப் பூட்டி வைத்தாய். வெளியிலிருந்து யாரும் அதை அழைக்க முடியாது. நான் சுற்றுவழியில் புகுந்து, அது சரியாகக் கணிக்கிறதா என்று நேராகச் சோதிக்கும் டெஸ்ட் எழுதினேன்.

“ஏனுங்ண்ணா, அடுத்தவங்க ஊட்டு அடுப்படிக்குள்ள பூந்து சட்டியத் தொறந்து பாப்பீங்களா? எலைக்கு வந்ததத் தின்னு பாத்துச் சொல்லுங்க” என்றாய், உன் சித்தூர்க் கொங்குப் பேச்சில்.

“எலைக்கு வந்தப்புறம் உப்புக் கரிச்சா யாரு தாயி திங்கிறது?” என்றேன்.

ஒரு மழைக்காலத்தில் என் டெஸ்ட் தவறைக் காட்டியது. ஈரக் கணிப்பில் ஒரு பிழை, சூட்டுக் கணக்கில் இன்னொரு பிழை. ஒன்றை ஒன்று மறைத்ததால் வெளியே விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது. மழையில் ஊறிய காய் வந்திருந்தால் அந்த மறைப்பு விலகிக் காய் கருகியிருக்கும். நீயோ டீயை ஊதியபடி, “மழக்காயையும் வெளிய இருந்தே டெஸ்ட் பண்ணியிருக்கோணும். அது எம்பட தப்பு. அதுக்காக உங்க வழி சரின்னு ஆயிருமுங்களா?” என்றாய். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம், உன் இடத்துக்கு வந்தவர், “சாரே, பிரைவேட்டத் தொடுற டெஸ்ட் எல்லாம் எடுத்துக் களையப் போறோம். மேடம் சொன்னதுதானே” என்றார். உன்னோடு சண்டை போட எனக்கு உரிமை உண்டு. உன் பெயரைச் சொல்லி என் வாயை அடைக்க அவருக்கு யார் உரிமை தந்தது? வெளியிலிருந்து பார்க்கும் டெஸ்ட், தவறு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது.

நேற்று ஈரக் கணிப்பைப் பிரித்துத் தனிக் கிளாஸாக்கி, வெளியிலிருந்து அழைக்க அதற்கென்று ஒரு வாசல் வைத்தேன். இப்போது என் டெஸ்டுகள் யாருடைய பிரைவேட்டையும் தொடவில்லை. அழைக்கும் வரி மாறியதே தவிர, கேட்கும் கேள்வி ஒன்றும் மாறவில்லை. அவரால் அவற்றை அழிக்க முடியாது. நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்காதே.

பிரைவேட் என்று எழுத வரும்போதெல்லாம் கை நிற்கிறது. உன் பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன். உன்னளவு எனக்கு அதைப் பேச வரவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நானே ஜெயித்துவிடுகிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.