சர்வர் டவுன்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. பேப்பர் எல்லாம் நமுத்துப்போய் ஜெராக்ஸ் மிஷினில் ஐந்து முறை சிக்கல். டோனருக்குச் சொல்ல வேண்டும். பால் வாங்க மறந்தேன்.

சேலத்திலிருந்து தம்பி சலீம் போன். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன், அதனால் வாயும் ஜாஸ்தி. "அக்கா, கடைல இன்னும் அந்தப் பழைய விண்டோஸ் செவன்தான் ஓடுதா? அதுக்கு அப்டேட் நின்னு எத்தனை வருசமாச்சு! ஞாயித்துக்கெழம வந்து புதுசு போட்டுத் தர்றேன்."

வேண்டாம் என்றேன். பிரிண்டர் பழசு, புதுசோடு ஒத்துப்போகாது. கல்யாணப் பத்திரிகை, அஞ்சலி போஸ்டர், பதினோரு வருஷத்து ஃபைல் உள்ளே. நெட் ஸ்லோ.

இதெல்லாம் அவனுக்குச் சொன்னது. உண்மை வேறு. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நாற்பத்தொன்பது வயதில், கஸ்டமர் பார்த்துக்கொண்டிருக்க, எந்தப் பட்டன் எங்கே என்று தேடுவதா? வெட்கம். அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

தூறல். செம்மநத்தத்திலிருந்து கோவிந்தனும் மகள் செல்வியும் முதல் பஸ்ஸில். பிளஸ் டூ முடித்த பெண். நர்சிங் விண்ணப்பம், வெள்ளி சாயங்காலம் ஐந்து மணியோடு கடைசி.

வெப்சைட் திறக்கவில்லை. பிரவுசர் பழசாம், மாற்றிவிட்டு வரச் சொல்கிறது. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "சர்வர் டவுன் கண்ணு. நாளைக்கு வாங்க" என்றேன்.

இந்த மலையில் அப்படிச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். எல்லா ஆபீஸிலும் கேட்டுப் பழகிய வார்த்தை. கோவிந்தன் உடனே எழுந்துவிட்டார். "அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க."

எதிர்க் கடையில் புது கம்ப்யூட்டர் இரண்டு. ரோட்டைத் தாண்டினால் போதும். சொல்லவில்லை. "அந்தம்மாகிட்ட இருக்கறது ஓட்டை மிஷினுங்க" என்று என் கஸ்டமரிடமே சொன்னவன் அந்தக் கடைக்காரன். அவனிடம் நானே ஆள் அனுப்புவதா?

ஜூன் 5, வியாழன்

மறுபடி வந்தார்கள். மறுபடி அதே பொய். இரண்டாம் தடவை சுலபமாக வாயில் வருகிறது. சீ.

"ரெண்டு நாளா வேலைக்குப் போகலீங்க. பரவால்லீங்க, புள்ள படிச்சாப் போதும்" என்கிறார் கோவிந்தன். பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன தாராளம் பார்!

அவர்கள் போனதும் சலீமுக்குப் போன். நாளைக்கே வா என்றேன். சிரித்தான், படுபாவி. டோனர் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

மழை. சலீம் ஜும்ஆ தொழுகை முடித்துக் கிளம்பி, அடிவாரத்துக்கு மேலே டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பின்னால் மாட்டி, கடைக்கு வரும்போது மணி மூன்றரை. அப்பாவும் மகளும் பத்து மணியிலிருந்து கடையில்.

மிஷினைப் பார்த்தவன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அக்கா, இது ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அவங்களை எதுத்த கடைல போட்டுக்கச் சொல்லுங்க."

"நீ வந்த வேலையைப் பாரு."

நாலே காலுக்கு 31 சதவீதம். கோவிந்தன் திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். சர்வரைத்தான் ரிப்பேர் செய்கிறோம் என்று நினைப்பு. "அம்பத்தெட்டு வந்துருச்சுங்க! இன்னும் கொஞ்சந்தாங்க" என்று எனக்கே தைரியம் சொல்கிறார். செல்வி எதிர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு 83.

ஐந்து இருபத்தைந்துக்கு எல்லாம் முடிந்தது. வெப்சைட் பளிச்சென்று திறந்தது. விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது என்று அழகான எழுத்தில் இருந்தது. பாழாய்ப்போன பிரிண்டர்கூட வேலை செய்கிறது.

"அந்த சர்வர்காரன் நாசமாப் போக" என்றார் கோவிந்தன். தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

கடை லீவு. முழங்கால் வலி. புதுசு ஒன்றும் கஷ்டமில்லை. அரை மணியில் பிடிபட்டுவிட்டது. இந்த அரை மணிக்காகவா?



ஜூன் 11, புதன்

வெயில். செல்வி மட்டும் வந்தாள். நகல் எடுக்கக் கொடுத்த மார்க் ஷீட் கடையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, எங்க கிளாஸ் புள்ள ஒருத்தி புதங்கெழமையே எதுத்த கடைல போட்டுட்டாளுங்க. சர்வர் நல்லாத்தான் இருந்துச்சாம்."

"கண்ணு, என் மிஷின் பழசு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க்கா. அப்பாகிட்டச் சொல்லல. ஊட்ல இன்னும் உங்களைத்தான் நொம்ப நல்லவங்கன்னு சொல்லிட்டிருக்காரு."

நாளையிலிருந்து வெள்ளக்கடை ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் களை எடுக்கப் போகிறாளாம். மார்க் ஷீட்டை மடிக்காமல் கவரில் போட்டுப் பையில் வைத்தாள். அடுத்த வருஷம் நானே முதல் நாளே போட்டுத் தர்றேன் கண்ணு, சத்தியமா, என்றேன்.

"வேண்டாங்க்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.