இல்லை என்று சொன்ன படங்கள்

அன்புள்ள இசபெல் அக்கா,

நீங்கள் இருந்தவரை உங்களை 'மிஸ்' என்றுதான் அழைத்தேன். இப்போது கை தானாக 'அக்கா' என்று எழுதுகிறது. குறை நினைக்க மாட்டீர்கள்தானே?

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அந்த நாலு மாடிக் கட்டடத்தைப் பராமரிக்க நான் வந்தபோது, "மேல்மாடியில ஒரு ஸ்கொட்லாந்து மனுசி இருக்கிறா, கதவு திறக்கமாட்டா" என்றுதான் சொன்னார்கள். பாண் வேண்டுமென்றால் ஒரு துண்டு எழுதிக் கதவில் ஒட்டுவீர்கள். நான் தெப்பனேரில், அதுதான் மூலைக்கடையில், வாங்கி வந்து கைப்பிடியில் கொழுவிவிட்டுப் போவேன். ஐந்து வருடமாக நமக்குள் இவ்வளவுதான்.

ஒருநாள் வெப்பக் குழாய் ஒழுகியது. தாள்கள் நனைந்துவிடும் என்ற பயத்தில் என்னை உள்ளே விட்டீர்கள். கட்டிலுக்குக் கீழே, குளியலறையில், அலுமாரிக்கு மேலே, எங்கும் அட்டைக் கோப்புகள். நீர்வண்ணத்தில் தொடங்கி, அது காய்ந்ததும் பாஸ்டல் வண்ணக் கட்டியால் தேய்த்து முடித்த படங்கள். எல்லாம் ஒரே இடம்தான்: உங்கள் யன்னலுக்குக் கீழேயிருந்த பின்சந்து. இரும்புப் படிகள், குப்பைத் தொட்டிகள், பனி.

"பனி வெள்ளைதானே மிஸ், ஏன் ஊதா பூசியிருக்கிறீங்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அள்ளுகிறவன் நீ. பார்க்கிறவள் நான்" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அந்தப் பெப்ரவரியில் பாண் பை இரண்டு நாள் கைப்பிடியிலேயே தொங்கியது. மூன்றாம் நாள் காலை மாற்றுச் சாவியால் திறந்தேன். யன்னலோரக் கதிரையில் உயிரற்று இருந்தீர்கள். விரல்களில் நீலத் தூள். இரண்டு நாளும் ஏன் தட்டிப் பார்க்கவில்லை? வரைந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்பது பாதி உண்மை. பனி அள்ளிக் களைத்துப்போயிருந்தேன் என்பது மீதி.

உங்களுக்கு உறவென்று யாரையும் எவருக்கும் தெரியவில்லை. கட்டட உரிமையாளர் தொலைபேசியில், "முதலாம் திகதி புது ஆட்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் வெளியே போடு" என்றார்.

"ரெண்டு மூண்டையாவது எடுத்து வையுங்கோவன். பாவம், மனுசி எவ்வளவு பாடுபட்டிருக்கும்" என்றாள் என் மனைவி.

"நாலு பேர் படுக்கவே இடமில்லை. படத்தை எங்கை வைக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன்.

நானேதான் காவி இறக்கினேன் அக்கா. நாலு மாடியையும் பதினேழு தடவை ஏறி இறங்கினேன். அன்று மழை. வீதியோரத்தில் கோப்புகள் வாய் பிளந்து, வர்ணமெல்லாம் சேற்றுப் பனியில் கரைந்து ஓடியது. குப்பை லொறி வரும்வரை அங்கே நிற்க எனக்குத் துணிவிருக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து உங்கள் தங்கை ஸ்கொட்லாந்திலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். பொலிஸ் தேடிப் பிடித்து அறிவித்ததாம். உங்கள் முதல் கண்காட்சியில் யாரோ படங்களைப் பார்த்துச் சிரித்ததையும், அடுத்த மாதமே நீங்கள் இங்கே கப்பலேறியதையும், அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட எழுதாததையும் அவர்தான் சொன்னார்.

"இங்கே அவள் படம் வரைந்தாளா?" என்று கேட்டார்.

எறிந்தவன் நான் என்று எப்படிச் சொல்வேன்? "இல்லை. படம் ஒன்றும் இருக்கவில்லை" என்றேன்.

அவர் உங்கள் கதவுக்கு வெளியே, வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியென்றால் கைவிட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளை முடித்துவிட்டது" என்று சொல்லி அழுதார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். கையைப் பிடித்துப் படியிறக்கி, டாக்ஸியில் ஏற்றிவிட்டேன்.

உங்கள் அறையில் இப்போது ஓர் இளம் தம்பதி. யன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார்கள். நாங்கள் விட்டு வந்த ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. யாருக்கும் எதையும் பார்க்க விருப்பமில்லாத காலம்.

நேற்றுத்தான் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். "படம் போனது போனதுதான். மனுசி கடைசிவரைக்கும் கீறினவ எண்டதையாவது தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. அதையும் மறைச்சா அது பெரிய பாவமப்பா" என்றாள்.

தங்கை தந்த விலாசம் என்னிடம் இருக்கிறது. இதை முடித்ததும் அவருக்கு எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுத மகளைத்தான் கேட்க வேண்டும். தகப்பன் செய்ததை அவளும் அறியட்டும். தங்கை என்னை மன்னிக்காமல் விடலாம். நீங்கள் ஒருநாளும் கைவிடவில்லை என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அதை நிச்சயம் தெரியப்படுத்துவேன் அக்கா.

உங்கள் படங்களைச் சுமந்து இறக்கிய தம்பி,
சிவநேசன்