கிளப் பேனரில் என் முகம்

ஜூலை 22, செவ்வாய்

விடியும்போதே காற்று. கொடியில் கிடந்த துணியில் பாதி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

எடை குறைக்கும் கிளப். ஆறு மணிக்கே எல்லோரும் வட்டமாக, பிளாஸ்டிக் ஸ்டூலில். இன்று குல்ஃபி ருசி ஷேக். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பில் சர்க்கரை போட்டால் இதுதான்.

ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏற வேண்டும். குறைந்திருந்தால் எல்லோரும் மூன்று முறை கைதட்டுவார்கள். குறையாவிட்டால் ஆறுதலுக்கு ஒரே ஒரு தட்டு. எனக்கு இன்று ஒன்று. அறை முழுக்கச் சேர்ந்து ஒரு கொசுவை அடித்த மாதிரி.

கிளப்பை நடத்துவது அப்பாவின் அக்கா, விஜயா அத்தை. அங்கே அவர் 'கோச்'. நாங்கள் 'சாம்பியன்'கள். எடை கூடியவர்களும் சாம்பியன்தான். இனி வி.அ. என்றே எழுதுவேன். அவருக்காக அவ்வளவு மை வேண்டாம்.

இந்த மாதத்தோடு என் மெம்பர்ஷிப் முடிகிறது. வி.அ. எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "பவி ஒண்ணாந்தேதியிலருந்து அடுத்த மூணு மாசம். அப்படித்தானே சாம்பியன்?" என்றார்.

தரையைப் பார்த்தேன். அதையே 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று தட்டு.

நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் அது சம்மதம். பதினொன்றாம் வகுப்பில் என் படிப்பு நின்றதும் இப்படித்தான். அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் ஆள் வேண்டும். "பவிக்கும் படிப்புல அவ்வளவா இஷ்டமில்ல" என்று அவர்களே பேசி அவர்களே முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

பேனர் கடையில் வேலையில்லாமல் ஈ ஓட்டுகிறோம். ஆடி மாதம். கல்யாணப் பேனர் இல்லை, காதணி விழா இல்லை. கோயிலில் கூழ் ஊற்றுகிறவர்கள் பேனர் இரண்டு, கண்ணீர் அஞ்சலி ஒன்று.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது: வருகிறவர்கள் முதலாளி முத்து அண்ணனிடம் பேசிக்கொள்வார்கள். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அவர்கள் படத்தோடு மட்டும் இருக்கலாம். படம் திருப்பிக் கேள்வி கேட்காது.

கண்ணீர் அஞ்சலிக்கு வந்த மகன், செத்துப்போன தன் அப்பாவுக்குக் கோட் போட்டுவிடச் சொன்னார்.

"ஆயுசுக்கும் வேட்டியில இருந்தவராச்சே. கோட்டு எடுப்பா இருக்குமா?" என்றார் மு. அண்ணன்.

"இருக்கும்ணே. எல்லாரும் போடுறாகள்ல."

போட்டேன். டையும் கட்டினேன்.

மெம்பர்ஷிப் யோசனை.

தொடர்ந்து போக: தீபாவளி சுடிதார் இப்போது இறுக்கவில்லை. மாடி ஏறினால் முன்பு மாதிரி மூச்சு வாங்கவில்லை. காலையில் அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். அவரோடு தனியாக இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

நிற்க: கைதட்டல். ஷேக். கிளப் வாட்ஸப் குரூப்பில் தினமும் சாப்பாட்டுத் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவது. நேற்று என் இட்லிக்குக் கீழே ஒருத்தி அழுகிற பொம்மை போட்டிருந்தாள். 'சாம்பியன்' என்ற சொல். வி.அ. வி.அ. வி.அ.

ஜூலை 24, வியாழன்

அமாவாசை. கிளப் உண்டு. வி.அ.வுக்கு அமாவாசை ஏது.

சாயங்காலம் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன், அடுத்த மாதம் போகவில்லை என்று. அம்மா அப்பாவிடம் சொன்னது கூடத்திலிருந்து கேட்டது.

"பிள்ளைக்குப் பிடிக்கலையாம். விட்டுரச் சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்ல வேணாம். இப்பத்தான் அக்கா வீட்டுப்படி ஏறி வருது."

"அதுக்காக? மதினி கோவிச்சுக்கிட்டா என்ன செஞ்சிருவீக?"

 பழைய வீட்டைப் பாகம் பிரித்ததில் அப்பாவுக்கும் வி.அ.வுக்கும் பேச்சே இல்லாமல் இருந்தது. அத்தை மகள் பிரியா கல்யாணத்தில்தான் மறுபடி பேசினார்கள். அன்றைக்கு அப்பா பந்தியில் நின்று தானே பரிமாறினார். அவருக்கு உடன்பிறந்தது வி.அ. ஒருவர்தான். எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் குல்ஃபி ருசி மாறிவிடாது.

ஜூலை 26, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினோரு மணிக்கு வி.அ. கடைக்கே வந்தார். கிளப் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறதாம். பெரிய பேனர், செக்காலை ரோட்டில் கட்ட. 'முன்' ஒரு படம், 'பின்' ஒரு படம். இரண்டும் நானாம்.

"அடுத்த மூணு மாசம் ஒனக்குக் காசு வேணாம்டி. படம் போடுறதுக்குப் பதிலு. ஒங்கப்பன்ட்ட சொல்லிட்டேன்."

அப்பா என்னிடம் சொல்லவில்லை.

வாட்ஸப்பில் படம் வந்தது. 'முன்': பிரியா கல்யாணத்தில், இலைக்கு முன்னால் நான். பச்சைத் தாவணி. பல் எல்லாம் தெரியச் சிரிப்பு. வீடியோக்காரர் பைக்குள் ஒரு வாண்டு அப்பளத்தைத் திணித்தது, அவர் அது தெரியாமல் குனிந்தார், நொறுங்கியது. அதைப் பார்த்துச் சிரித்தது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரியும். என் படங்களில் எனக்கே பிடித்த படம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மு. அண்ணன் எட்டிப் பார்த்தார். "யாரு, பவியா? படம் நல்லாத்தானே இருக்கு."

"அதுதான் தம்பி சிக்கல்" என்றார் வி.அ. "முன்னாடி படத்துலயே இப்படிச் சிரிச்சா எவ கிளப்புக்கு வருவா?"

'பின்' படம் போன வாரம் கிளப்பில் எடுத்தது. கிளப் டீ ஷர்ட். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகம்.

"ஒண்ணு பண்ணு பவி. இதுல வாயை மூடிரு. கண்ணுல கொஞ்சம் சோகம் வை. அந்தச் சிரிப்பை எடுத்து அங்குட்டு, பின்னாடி படத்துல ஒட்டிரு. இடுப்பையும் லேசா உள்ள தள்ளிரு. ஒனக்குத் தெரியாததா."

மு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"பேசவே மாட்டா. தங்கமான பிள்ளை" என்றார் வி.அ. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம்.

இந்தக் கடையில் செத்தவர்களுக்குக் கோட் போட்டிருக்கிறேன், முடி வைத்திருக்கிறேன், ஒருவருக்கு மீசை வைத்திருக்கிறேன். யார் சிரிப்பையும் எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பாவிடம்: "என்னட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா."

"போட்டோதானே ஆத்தா. ஊருல எல்லாரும் பேனர்ல நிக்கத்தான் அலையுறாக."

"என்னன்னு நிக்கிறேன்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை போலிருக்கிறது. கதவுக்குக் கீல் வாங்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். தச்சு வேலைக்காரருக்கு எப்போதும் ஏதாவது ஒரு கீல் வாங்க இருக்கும்.

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். போட்டோ எடுத்து அனுப்பவில்லை.

ஜூலை 28, திங்கள்

வேலையை ஆரம்பித்தேன். மு. அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆர்டர் ஆர்டர்தானே.

வாயை மூடுவது சுலபம். வேறு படத்திலிருந்து என் உதட்டையே வெட்டி வைத்தேன். கன்னத்தில் சிரிப்பு மடிப்பு இருந்தது, அழித்தேன். கண்ணை லேசாக இறக்கினேன். இருட்டாக்கினேன்.

முடித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஆறு மணிக்குக் கிளப்பில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள்.

சிரிப்பை மற்றதில் ஒட்டினேன். ஒட்டவில்லை. கல்யாண வீட்டு விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம், கிளப் டியூப்லைட் ஒரு பக்கம். பல் தனியாக மிதந்தது. சாயத்தை மாற்றினேன். சின்னதாக்கினேன். பல் செட்டு விளம்பரம் மாதிரி ஆனது.

"வெளிச்சம் சேரலையா?" என்றார் மு. அண்ணன்.

"சேரலண்ணே."

அவர், "எனக்கு ஆர்டர் போனாப் பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். எனக்கும் ஒரு வடை வந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பழைய படத்தை மட்டும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

வண்டியில் போகும்போது அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன், "அப்பா, நான் படம் போடல. கிளப்பும் வேணாம்."

காற்று. "என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

கேட்டது அவருக்கு. காது சிவந்தது, பார்த்தேன்.

கிளப்பில் வி.அ. எல்லாரிடமும் சொல்கிறார்: "நாளைக்கழிச்சு செக்காலை ரோட்டுல பாருங்க, நம்ம சாம்பியன் எப்படி நிக்கிறான்னு." எனக்கு மூன்று தட்டு, எடை பார்க்காமலே. ஒரு அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "இனி மாப்பிள்ளை வீடு வரிசையில நிக்கும்" என்றார். எனக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கழிவறையில் சொல்லிப் பார்த்தேன். அங்கே நன்றாக வருகிறது.

ஜூலை 31, வியாழன்

நான்கு மணிக்கு வந்தார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், கூழ் பேனர்க்காரர்கள். திரையை அவர் பக்கம் திருப்பினேன். கிளப் பெயர், நேரம், வி.அ.வின் படம். மற்ற இடம் காலி.

"எங்கடி ஒம் படம்?"

"போடல அத்தை."

"ஏன், முடியலையா?"

"போட மாட்டேன். நாளையிலருந்து கிளப்புக்கும் வரல."

மனப்பாடம் செய்தது இதைவிட நீளம். மற்றது மறந்துவிட்டது. குரலும் தவளைக் குரல்.

வி.அ. சிரித்தார், மற்றவர்களைப் பார்த்து. "பிள்ளைக்கு வெக்கம்." பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக: "ஒன்னைய மாதிரி ஒடம்ப வச்சுக்கிட்டு இவ்வளவு ரோசம் ஆகாதுடி. ஒன்னைய நம்பி எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். போட்டோ எம் மக கல்யாணத்துல எடுத்தது. காசு நான் குடுத்தது."

"போட்டோ ஒங்களுது அத்தை. மூஞ்சி என்னுது."

கூழ் பேனர்க்காரர் ஒருவர் இருமினார்.

"படம் என் போன்ல இருக்கு. வேற கடையில அடிச்சுக்கிருவேன்" என்றார் வி.அ.

"அடிச்சுக்கங்க. நான் தெனமும் அந்தப் பேனருக்குக் கீழ வந்து நின்னு சிரிப்பேன்."

இது மனப்பாடம் செய்ததில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வி.அ. என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, "வளர்த்திருக்கான் பாரு" என்று படியிறங்கினார். அது அப்பாவுக்கு.

 மு. அண்ணன் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

வீட்டுக்கு வருவதற்குள் வி.அ.விடமிருந்து போன் வந்திருக்கிறது. அம்மா கேட்டார், "நெசமாவே அப்படிச் சொன்னியா? கீழ நின்னு சிரிப்பேன்னு?"

"சொன்னேன்."

"மதினி மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அதே மாதிரி மூஞ்சியை வைத்துக் காட்டினேன். அம்மா சட்டென்று சட்டியைக் கழுவத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா கூடத்தில் இருந்ததால் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

 குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஐந்தரைக்கே விழிப்பு. காற்று இல்லை. வாசலில் அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், எப்போதும் போல.

"கிளம்பலையா?"

"இல்லப்பா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அத்தைட்ட வந்து ஒரு வார்த்தை, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லிரு ஆத்தா. வாசல்ல நின்னு சொன்னாப் போதும். நான் கூட வாரேன்."

"தெரிஞ்சுதான்ப்பா சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தார், பின் சீட்டு காலியாக. தெருமுனையில் அத்தை வீட்டுப் பக்கம் திரும்பினார்.

போகட்டும். நான் போகவில்லை.