நிஸாரின் கல்யாணத்துக்கு வராதே

அன்பு மகள் இக்லாஸுக்கு, சூடான், சென்னாரிலிருந்து உன் வாப்பா பாபிகிர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தம்பி நிஸாரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகமும் மாப்பிள்ளை முஜ்தபாவின் சுகமும், என் பெயரை வைத்துக்கொண்டு என் முன்கோபத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் வளர வேண்டிய என் பேரனின் சுகமும் வேண்டி ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம்.

மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று போன வாரம்தான் வடிந்தது, சமையலறைச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது, நானே மண் குழைத்துப் பூசுகிறேன் என்று நிஸார் இறங்கினான், பூசி முடித்த பிறகு அது முன்பைவிடக் கோணலாக நிற்கிறது, கல்யாண மாப்பிள்ளை என்பதால் வீட்டில் யாரும் அவனை ஒன்றும் சொல்வதில்லை. உன் உம்மா சந்தனமும் கிராம்பும் இடித்துக் கல்யாண வாசனைக் கலவையைப் புட்டியில் அடைத்து மூன்று வாரமாக மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள், தெருவே மணக்கிறது, என் சட்டைகூட மணக்கிறது, பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். மணப்பெண்ணுக்கு மருதாணி போடும் ராத்திரிக்கு நீ உடுத்த, சேலைபோல் சுற்றிக்கொள்ளும் ஒரு தோபுத் துணியும் எடுத்து வைத்தாள், ஆரஞ்சு நிறம், உனக்குப் பிடிக்காது என்று சொன்னேன், என் மகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று வாயை அடைத்துவிட்டாள்.

உன் கடிதம் வந்த அன்று நான் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தேன். ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட மாட்டோம், மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கைக்குழந்தையைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது என்று நார்வேயில் உங்கள் பெர்கன் ஊர் டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தம்மாவுக்கு நம் ஊர் தெரியாது, நாங்கள் எல்லாம் அந்த முற்றத்தில்தானே திறந்த வெளியில் படுத்து வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு, ஊசி அட்டை இல்லாவிட்டாலும் கார்த்தூம் விமான நிலையத்தில் நம் ஆட்கள்தானே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள், செப்டம்பரில் கட்டாயம் வருகிறோம் என்றும் எழுதியிருக்கிறாய். உன் உம்மா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். "சரியாத்தான சொல்றா, அந்த டாக்டரம்மாவா பிள்ளையப் பெத்தா, நான் பெத்த பிள்ளைக்குப் பிறந்த பிள்ளை" என்று ஒரு வழக்கே நடத்திவிட்டாள். விமான நிலையத்தில் நம் ஆட்கள் இருக்கலாம் மகளே, கொசுவிடம் நமக்கு ஆள் கிடையாது.

நான் சிரிக்காததற்குக் காரணம் முன்திர். பக்கத்து வீட்டு ஹம்தூனின் மகன், உனக்கு மாம்பழம் திருடிக் கொடுத்தவன், மான்செஸ்டரில் ஒன்பது வருஷமாக இருந்தவன். அவன் இறந்துவிட்டான். போனில் சொல்ல மனம் வரவில்லை, சொல்லத் தொடங்கினாலும் நீ அழுவாய், உம்மா அழுவாள், லைன் அறுந்துவிடும். போன மழைக்காலத்தின் கடைசியில் அவன் வந்திருந்தான். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா, வெளிநாட்டிலிருந்து வந்தவன் முற்றத்தின் நடுவே கட்டிலில் உட்கார வேண்டும், அந்தி சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டுத் தெருவே வரும், கடைசி ஆள் ஸலாம் சொல்லிவிட்டுப் போகும்வரை எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் மரியாதை தெரியாதவன் ஆகிவிட்டான் என்பார்கள். அவன் மலேரியா மாத்திரையும் கொண்டு வந்திருந்தான், கொசு கடிக்காமல் கையில் தடவும் மருந்தும் கொண்டு வந்திருந்தான். பையன்கள் அதைப் பிடுங்கி மோந்து பார்த்து, வெள்ளைக்காரன் வந்திருக்கான், வலைக்குள்ள வைங்க என்று கேலி செய்தார்கள். ஹம்தூனும் மகன் முதுகில் தட்டி, "இந்த ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்புடா, இங்க உள்ள கொசுவுக்கே உன்னத் தெரியும்" என்றான். முன்திரும் சேர்ந்து சிரித்தான். மாத்திரை பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

இங்கே இருந்தவரை அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் மோசம். நல்லபடியாகத் திரும்பிப் போனான், போன பிறகுதான் காய்ச்சல் வந்திருக்கிறது. சின்ன வயதில் இருபது தடவை வந்த காய்ச்சல்தானே, மூன்று நாளில் போய்விடும் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். பிறகு டாக்டரிடம் போனபோதும் சளி என்றுதான் சொன்னானாம், எந்த ஊரிலிருந்து வந்தேன் என்பதை அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மலேரியா என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நம் ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஹம்தூன் போய் உட்கார்ந்து, இங்கே பிறந்தவனுக்கு எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். ஊரைவிட்டுப் போய் சில வருஷம் ஆனால் உடம்பு இந்தக் காய்ச்சலோடு போட்ட பழைய சண்டையை மறந்துவிடும், புதிதாக வந்தவனைப் போலத்தான் என்று அவர் சொன்னாராம். ஹம்தூன் இப்போது தேநீருக்கு வருவதில்லை. நான் போனால் குவளையை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். நல்ல மனுஷன், மகன்மேல் வைத்த பெருமையில் சொன்ன வார்த்தை அது.

அதனால்தான் உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பஸ் பிடித்து ஸிங்காவுக்குப் போய் நிஸாரின் மாமனாரைப் பார்த்து, கல்யாணத்தை ஜனவரிக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். குளிர்காலத்தில் தண்ணீர் வற்றிக் கொசு குறைந்திருக்கும், பிள்ளைக்கும் ஊசி போடும் வயது வந்துவிடும் என்று எல்லாம் சொன்னேன். மனிதர் ஆடு அறுத்து விருந்து வைத்தார், நான் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். அவருடைய மகனுக்குத் தோஹாவில் செப்டம்பரில்தான் லீவு, அதை விட்டால் இரண்டு வருஷம் கிடையாது. "நீங்க மக வரணும்னு கேக்குறீங்க, நான் மகன் வரணும்னு கேக்குறேன், எதை நான் தப்புன்னு சொல்ல" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். உனக்கு இருப்பது ஒரே தம்பி.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம், வராதே என்று எழுதப் போகிறேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தட்டில் கிஸ்ரா ரொட்டியையும் குழம்பையும் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற மகளைப் பார்த்து வராதே என்று நம்மில் யார் சொல்வார்கள், வீட்டைவிட்டுத் துரத்திய பெண்ணுக்கல்லவா அந்த வார்த்தை, அதை என் வீட்டுப் பேனா எழுதாது என்றாள். எனக்கும் கோபம் வந்தது, பேனா என்னுடையது என்றேன். ஆனால் எழுதவில்லை. அவள் ஒப்பாமல் எழுதினால் நீயும் கேட்க மாட்டாய் என்று தெரியும், நீ எப்போது என் பேச்சைக் கேட்டாய்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பேரனுக்கென்று ஒரு சின்னக் கொசுவலை தைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இந்த வலை போதும், இந்த ஓட்டை வழியாக எது போகும் என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே தைத்தாள். நடுவில், கல்யாணத்தன்று பிள்ளைக்கு எத்தனை மாதம் இருக்கும் என்று கேட்டாள். ஏழு முடிந்திருக்கும் என்றேன். அவள் கை நின்றுவிட்டது.

உனக்கு முன்னால் இத்ரீஸ் என்று ஒரு அண்ணன் இருந்தான் என்பது உனக்குத் தெரியும், குழந்தையிலேயே இறந்துவிட்டான் என்பதற்குமேல் நாங்கள் சொன்னதில்லை. அவனும் குளிர்காலத்தில் பிறந்தவன். அது அவன் பார்த்த முதல் மழை, அவனுக்கும் அப்போது ஏழு மாதம்தான். சாயங்காலம் உடம்பு கொதித்தது, சாலை முழுக்கத் தண்ணீர், லாரி ஓடவில்லை, உன் உம்மா அவனை மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்தாள், நான் விளக்கோடு முன்னால் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உள்ள பாலம்வரை போகக்கூட அவன் எங்களுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. நீ பிறந்த பிறகு அவன் பெயரை உன் உம்மா இந்த வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை. நேற்றுச் சொன்னாள். "எங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கால்ல. கேக்குறவ உசுரோட இருக்கா, கேக்குறா. பதில் சொல்ல வேண்டிய என் இத்ரீஸ் ஆத்தோரத்துல கிடக்கான்" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஜனவரியில் வா, மகளே. அதற்கு இப்போதே டாக்டரம்மாவிடம் போய் உட்கார், அவர் சொல்வதைக் கேள், நம் ஊர் அவருக்குத் தெரியாது என்று வாயாடாதே. மூவருக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்பும் வாரத்தில் போடாமல் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள், போட்ட உடனே அது வேலை செய்யாது. குளிர்காலத்தில் கொசு குறைவுதான், ஆனால் தூசிக் காற்றோடு மூளைக்காய்ச்சல் வரும் காலம் அது, அதற்கும் ஊசி உண்டு, கேட்டு வாங்கு. மலேரியா மாத்திரையை இங்கே வருமுன் தொடங்கித் திரும்பிப் போன பிறகும் அவர் சொல்லும் நாள்வரை நிறுத்தாதே. முற்றத்தில் யாரும் உங்களைக் கேலி செய்ய நான் விடமாட்டேன், மஃரிபுக்கு முன்னாலேயே எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், மரியாதை தெரியாதவர்கள் என்று சொன்னால் அதை நான் வாங்கிக்கொள்கிறேன். திரும்பிப் போய் யாருக்காவது உடம்பு சுட்டால், வாசலில் கால் வைக்கும்போதே சூடானிலிருந்து வந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே.

இந்தக் கடிதம் நம் தெரு ஆசிரியரின் மகன் கையில் நாளை கார்த்தூம் போகிறது, அங்கே தபாலில் போடுவான். எழுதுகிறேன் என்று உட்கார்ந்ததும் உன் உம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "வராதேன்னு எழுதுங்க. நீங்க சொன்னதா எழுதாதீங்க, அவ சண்டைக்கு வருவா. உம்மா தன் வாயால சொன்னான்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். தம்பியின் கையில் மருதாணி வைக்க அக்காள் இருக்க மாட்டாள், அந்த இடத்தில் யார் கை வைப்பது என்று இன்னும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் மடியை நிறைத்தவன் உன் மடியிலேயே வளரட்டும். கையெழுத்தை எப்படிப் போட வேண்டும் என்பதையும் உன் உம்மாதான் சொன்னாள்.

உன் வாப்பா பாபிகிர்,
உன்னை வராதே என்று சொன்ன உம்மா பதூல்.