ஏழு விநாடித் தாமதம்

அக்கா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. குண்டு பல்பின் மேல் தூசி காய்கிற வாசனை. கோத்தகிரியில் பட்டுப்புடவைக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பீரோவுக்குள் பல்பு எரியவிடுவோம். நீங்கள் புடவைகளை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய கணினியின் போர்டை வைத்திருந்தீர்கள். நீங்கள் போன பிறகு அது என் பீரோவுக்கு வந்துவிட்டது. இப்போது என் புடவைகளும் வெளியேதான் கிடக்கின்றன.

பீரோவைத் திறக்க வைத்தது ஒரு மின்னஞ்சல். பழைய கணினிகளைப் போல இன்றைய கணினியை நடிக்க வைக்கும் அந்த இலவச மென்பொருளுக்கு நீங்கள் வருடக்கணக்கில் எழுதிக் கொடுத்தீர்களே, அதை நடத்துகிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். அடுத்த வெளியீட்டில், இந்தப் போர்டுக்காக நீங்கள் எழுதிய பகுதியை, நம் இயந்திரத்தை, நீக்கப் போகிறார்களாம். யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, பல வெளியீடுகளாக அது தொடங்குவதே இல்லை, யாரும் குறை சொல்லவுமில்லை, மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் என்று உங்கள் பெயரும், சோதிப்பவர் என்று அதன் கீழே என் பெயரும் இன்னும் இருப்பதால் எனக்கு வந்திருக்கிறது.

தொடங்குவதே இல்லை என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நாம் இருவரும் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில், இலை வாட்டும் தொட்டிகளின் விசிறிகளை அந்தக் கணினிதான் ஓட்டியது. புதியது வந்ததும் பழைய இரும்போடு சேர்த்து மழையில் போட்டார்கள். நீங்கள் அதைத் தார்ப்பாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனீர்கள். குழந்தையா என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நீங்கள் அதற்காகவே நிரல் எழுதப் படித்தீர்கள். உங்களுக்குப் பிடித்தது எனக்கும் பிடிக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, ஓட்டிப் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் நான் ஓட்டிப் பார்த்து "ஓடுது" என்று சொன்ன பிறகுதான் அனுப்புவீர்கள். அது நமக்குள் இருந்த ஒழுங்கு.

ஸ்விட்ச் போட்டால் அந்த போர்டு ஏழு விநாடி சும்மா இருந்துவிட்டுத்தான் விழிக்கும். அதன் குணமே அப்படி என்று நினைத்து, அந்த ஏழு விநாடியையும் நிரலில் எழுதினீர்கள். எதற்கு இந்தக் காத்திருப்பு என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டபோது, நிஜ இயந்திரம் எங்களிடம் இருக்கிறது, அளந்துதான் எழுதினோம் என்று சண்டை பிடித்தீர்கள். பிறகு வெயில் ஊர்க்காரர் ஒருவர், இதே போர்டு தன்னிடம் உடனே தொடங்குகிறது என்று எழுதினார். அன்றுதான் நீங்கள் போர்டைப் பல்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். நாலு நாள் காய்ந்ததும் போட்ட உடனே விழித்துக்கொண்டது. நம் போர்டில் இருந்தது வெறும் ஈரம்.

"நம்மூரு மிஸ்ட்ட, இந்த மூடுபனியக் கொண்டுபோயி புரோகிராம்ல எழுதி வெச்சிருக்கறேன் பாரு கண்ணு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் அந்தத் தப்பு உங்களை விடவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அந்தக் காத்திருப்பை நிரலிலிருந்து நீக்கி, எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தீர்கள்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு கண்ணு. நீ சொன்னாத்தான் அனுப்புவேன்."

இங்கே மழை, கரண்ட் இல்லை. ஆளே பாதியாகிப் படுத்திருக்கும்போதும் இந்த இழவெடுத்த போர்டுதானா என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன்.

"ஓடுதுங்க அக்கா."

"அப்பச் செரி. இனி நெம்ப நாளைக்கு ஓடும்" என்றீர்கள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நினைத்துத்தான் இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை. உங்கள் எழுத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று ஓட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரை. தொடங்காமல் போனது எந்த மாற்றத்திலிருந்து என்று அவர்களே குறித்திருந்தார்கள். அது ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் அனுப்பியது. அந்தக் காத்திருப்பை நம்பி இன்னொரு வரி இருந்திருக்கிறது. இதை எடுத்ததும் அது தடுக்கி விழுந்துவிட்டது. நீங்கள் எடுத்த ஏழு விநாடி வரியை அப்படியே திரும்பப் போட்டேன். ஓடியது. அன்று நான் கரண்ட் வரும்வரை பொறுத்திருந்து ஓட்டிப் பார்த்திருந்தால் நீங்களே ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரத்தில் சரி செய்திருப்பீர்கள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், என் பொய்யைத் தவிர. மரியாதையாகத்தான் பதில் வந்தது. காத்திருப்பைத் திரும்பச் சேர்ப்பது பெரிதல்ல, ஆனால் மென்பொருளின் உள்கட்டுமானம் மாறுகிறது, இந்த இயந்திரத்தையும் புதிதாக எழுதிப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், உங்களால் முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு ஓட்டிப் பார்க்க மட்டும்தான் தெரியும் அக்கா. அதையும் செய்யவில்லை. மறுப்பில்லை என்று எழுதிவிட்டேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். உங்கள் பெயரும் என் பெயரும் நீக்கியதைக் காட்டும் அடுத்தடுத்த சிவப்பு வரிகளாகிப் போயின. பழைய வெளியீடுகள் எப்போதும் கிடைக்கும் என்றார்கள். அவற்றை யார் தேடி எடுப்பார்கள்?

போர்டு பீரோவில்தான் இருக்கிறது. பல்பை அணைக்க மனம் வரவில்லை. அந்தப் போனுக்குப் பிறகு, ஃபேக்டரியில் யாராவது மோட்டார் ஓடுகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் கேட்கிறதே, இதற்கும் எழுந்து போக வேண்டுமா என்று சிரிக்கிறார்கள். உங்களுக்கு மட்டும்தான் அக்கா பார்க்காமல் சொன்னேன்.